துணிக் கிளிப்பும் கடைசி வரிப் புல்லும்

சாமிப் படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்புக் குஞ்சு பல்பில்தான் அது தொடங்கியது. அக்கா தலைச்சுமைப் புல்லை வாசலில் தொப்பென்று போட்டுவிட்டு உள்ளே வந்தாள். கொண்டையில் சிக்கியிருந்த இரண்டு புல்லிலைகளை உருவி என் மேல் எறிந்தாள்.

"ஒக்காந்தே இரு. படிச்ச மகாராணி. ஒரு வாளி தண்ணி தூக்கி வைக்க முடியல."

ஒரு இலை வெளிறிப்போயிருந்தது. மற்றது கறுக்கும் பச்சை. கைக்கு எட்டியது அந்தப் பல்பு. ஏன் என்று தெரியாமலேயே வெளிறிய இலையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். இலை முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது, நரம்பெல்லாம் தெரிந்தது. கறுத்த இலையை வைத்தேன். பல்பு இருந்த இடமே தெரியவில்லை.

"சாமி வெளக்க ஏண்டி மறைக்கிற?" என்றாள் அக்கா.

பச்சையம் சிவப்பு ஒளியைக் குடிக்கும் என்று எழுதிப் பாடசாலையில் புள்ளி வாங்கியவள் நான். அது பரீட்சைத் தாளைவிட்டு வெளியே வந்து தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து ஒற்றைக் காம்பராவுக்குள் நிற்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. யூரியா போதாத புல் வெளிறும். போதுமான புல் கறுக்கும். இலை எவ்வளவு வெளிச்சத்தைக் குடிக்கிறது என்று அளந்துவிட்டால், எந்த இடத்துக்கு யூரியா வேண்டும், எந்த இடத்துக்கு வேண்டாம் என்று புல்லே சொல்லிவிடும். எனக்கு நெஞ்சு படபடத்தது. அதுதான் நான் கடைசியாகப் படபடப்பாக இருந்த காலம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் தோட்டம் கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்து, இறங்கி, மேலே நடக்கவேண்டிய தோட்டம். பாதி றப்பர், பாதி தேயிலை. கிழட்டுத் தேயிலை இருந்த ஒரு மலையைப் பிடுங்கி, தோட்டத்து மாட்டுப்பட்டிக்காகப் புல் நட்டிருந்தார்கள். எல்லாரும் அதைப் புல்லுமலை என்பார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த என்னைத் தோட்டத்து உதவி மனேஜரான சின்னதுரை அங்கே வெட்டிய புல்லை நிறுத்து எடை எழுதும் வேலையில் போட்டிருந்தார். சொந்த மாடு வைத்திருக்கும் லயத்துக்காரர்கள் புல்லுமலையின் அடிவாரத்தில், ரோட்டோரத்துக் கடைசி வரிகளில் மட்டும் வெட்டிக்கொள்ளலாம். அதுதான் ஏற்பாடு.

எங்கள் காம்பராவில் மூன்று பேர்: அக்கா, அவளுடைய ஆறு வயது மகள், நான். பிறகு வெளியே, தகரச் சார்ப்பில், மாடு. அக்கா றப்பர் மலையில் பால் வெட்டப்போய்ச் சறுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டவள். அதற்குப் பிறகு அவளால் சரிவில் நிற்க முடியாது. மாட்டை வைத்துத்தான் வீட்டை நடத்தினாள். மாடு பால் வற்றி, சினையாக நின்றது. இன்னும் இரண்டு மாதத்துக்குள் கன்று போட வேண்டும். கன்று போட்டுப் பால் வந்தால் அக்கா இங்கே இருப்பாள். இல்லையென்றால் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவாள். ஏஜன்சிக்காரர் ஏற்கனவே ஒருமுறை லயத்துக்கு வந்து, அவளை எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இடுப்பு வலின்னு அங்க போய்ச் சொல்லிடாத தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடவுச்சீட்டுக்கான போட்டோ எடுத்து உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள் அக்கா.

கிளிப்பு செய்ய எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்பு ஒன்று. அதன் ஒரு தாடையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. எதிர்த் தாடையில், வெளிச்சம் பட்டால் மின்சாரத்தை விடுகிற, இருட்டினால் அடைக்கிற ஒரு துண்டு. இந்தத் துண்டைப் பெக்டரி வயர்மேன் அண்ணன் தந்தார். இருட்டினால் தானாக எரிகிற வாசல் விளக்கு ஒன்று பழுதாகி அவருடைய பெட்டிக்குள் கிடந்தது; அதை உடைத்து எடுத்தோம். அவருடைய பழைய மீட்டரையும் இரவல் வாங்கினேன். எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் சுற்றினேன், வெளி வெளிச்சம் உள்ளே போகாதபடி. இலையைக் கிளிப்பில் கடிக்கவிட்டால் மீட்டரில் ஒரு எண் வரும். கறுத்த இலைக்குப் பெரிய எண். வெளிறிய இலைக்குச் சின்ன எண். அவ்வளவுதான்.

"சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருக்கு" என்றார் வயர்மேன் அண்ணன். "ஆனா இத பஸ்ல மட்டும் கொண்டு போயிறாத. ரெண்டு பேரும் உள்ள இருப்போம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கொண்டுபோகவில்லை. வயரும் பெட்டரியும் கறுப்பு டேப்புமாக ஒரு தமிழ்ப் பிள்ளையின் பைக்குள் எது இருந்தாலும் அதற்குக் குண்டு என்ற ஒரே பெயர்தான் இருக்கிற யுத்தக் காலம் இது. கிளிப்பு தோட்டத்து எல்லையைத் தாண்டியதே இல்லை.

சின்னதுரையிடம் காட்டினேன். அவர் கிளிப்பைத் தன் விரலில் மாட்டிப் பார்த்தார். பிறகு, யூரியா வேண்டாத இடத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். இரண்டு வெட்டு வரைக்கும் அளந்து எழுதிக்கொண்டு வா என்றார். எனக்கு அது போதும். மேலிருந்து இரண்டாவது விரிந்த இலை, ஒரு தூருக்கு மூன்று இலை, வரிவரியாக. புல் வெட்டும் அக்காமார் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

"என்னா, புல்லுக்குக் காய்ச்சலா?"

"பிரஷர் பாக்குது டொக்டரம்மா. தள்ளி நில்லுங்க."

"அப்புடியே என் மாமியாருக்கும் மாட்டிப் பாரு தாயி. எப்பவும் கொதிக்கிது."

முதல் கிழமை எண்கள் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தன. பதினெட்டு வரும், அடுத்த தூரில் முப்பத்தொன்று, மறுபடி பதினேழு, மறுபடி முப்பது. ஒரே வரி, ஒரே மண். கிளிப்பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்து மாற்றினேன். பெட்டரி மாற்றினேன். அப்படியேதான் வந்தது, ஒன்றுவிட்டு ஒன்று, எண்ணி வைத்தது போல.

ஒரு சின்ன மழைக்குப் பிறகு அடுத்த யூரியா போட ஆட்கள் வந்த அன்று புரிந்தது. தேயிலைக்கு உரம் போடுகிற அதே பெண்கள்தான். தேயிலையில் செடிக்கு ஒரு கை என்பது அவர்களுடைய உடம்பில் ஊறிய கணக்கு. அந்தக் கணக்கோடு புல்லுக்குள் இறங்கினார்கள். ஒரு எட்டு வைப்பார்கள், ஒரு கை போடுவார்கள். தேயிலைச் செடிக்கும் செடிக்கும் இருக்கிற தூரம் புல்லில் இரண்டு தூர். ஒரு தூருக்குக் கிடைக்கும். நடுவில் இருப்பது பட்டினி. என் கிளிப்பு மண்ணை அளக்கவில்லை, அந்தப் பெண்களுடைய காலடியை அளந்திருக்கிறது. கருவி சரி! நான் புல்லுக்குள் நின்று தனியாகச் சிரித்தேன்.

அன்று இன்னொன்றையும் பார்த்தேன். மேலேயிருந்து போட்டுக்கொண்டு வந்தவர்கள் அடிவாரத்துக்கு வரும்போது வாளிகளில் யூரியா மீதமிருந்தது. கங்காணி கத்தினார்.

"வாளியக் காலி பண்ணிட்டு ஏறுங்கடி! மிச்சம் கொண்டாந்தீங்கன்னா கணக்கப்புள்ள வரிய உட்டுட்டீங்கன்னு அரப்பேர்தான் போடுவாரு. அப்பறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

அவர்கள் வாளியைக் கவிழ்த்தார்கள். ரோட்டோரத்துக் கடைசி வரிகளில், கைக்கணக்கு இல்லாமல், வெள்ளையாக. அரைப்பேர் விழுந்து பாதி நாள் கூலி போய்விடாமல் இருக்க எல்லாத் தடவையும் அப்படித்தான் செய்வார்களாம். அதையும் என் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

பிறகு இரண்டு கிழமைக்கு மேல் வெயில். புல் சுருண்டு நின்றது. அக்கா மாட்டுக்கு வாழைத் தண்டு, பலா இலை என்று கிடைத்ததைப் போட்டாள். மாட்டின் விலா எலும்பு தெரிந்தது. பிறகு ஒரு பின்னேரம் கொட்டித் தீர்த்தது மழை. மூன்று நாள் வெயிலே இல்லை, மேக மூடம்தான். அந்த மூன்று நாளில் புல்லுமலை எழும்பி நின்றதைப் பார்க்க வேண்டும். நான் கிளிப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைசி வரியில் ஐம்பத்திரண்டு வந்தது. ஐம்பத்திநாலு வந்தது. நான் அதுவரை அப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்லை.

லயத்துக்கு வந்து சொன்னேன்.

"அக்கா, நாளைக்கி கடைசி வரியில வெட்டு. அதுக்கு மேல உள்ள வரிக்குப் போகாத. அங்கதான் சத்து பூரா இருக்கு."

"ஒங் கிளிப்பு சொல்லிச்சா?"

"ஆமா."

"அது சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். முதல் தடவையாகக் கிண்டல் இல்லாமல் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் கடைசி வரியில் இரண்டு கட்டு வெட்டி வந்து, தொட்டி நிறையப் போட்டாள். பசித்த மாடு. தலையைத் தூக்காமல் தின்றது. நான் புல் நிறுக்கப் போய்விட்டேன். பத்து மணியிருக்கும், அக்காவின் மகள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். "சித்தி, மாடு நடுங்குது."

நான் போனபோது மாடு கால்களை அகற்றி நின்றுகொண்டிருந்தது. மூச்சு வேகமாக வந்தது, ஓடி வந்த மாடு போல. அது நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. வாயில் நுரை. கொஞ்ச நேரத்தில் முன்கால் மடிந்தது. அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து லயத்தில் இருந்த கையடக்கத் தொலைபேசியில் டவுனுக்குக் கூப்பிட்டோம். மாட்டு டொக்டர் மழையில் மோட்டார் சைக்கிளில்தான் வந்தார், வேகமாகத்தான் வந்தார். ஆனால் மாடு அதற்குள் முடிந்திருந்தது. வயிற்றுக்குள் இருந்ததும்.

பாம்பு என்றார்கள். கண் பட்டுவிட்டது என்றார்கள். கங்காணி தகரச் சார்ப்பைச் சுற்றிப் பாம்புப் பொந்து தேடினார். டொக்டர் குனிந்து, மாட்டின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். காதில் சின்னதாக வெட்டினார். வந்த இரத்தம் சிவப்பாக இல்லை. கித்துள் பனையின் பாணி போலக் கறுத்த பழுப்பாக இருந்தது. அதை விரலில் தொட்டு எனக்குக் காட்டினார். நான்தான் அங்கே சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தவள்.

"நங்கி," தங்கச்சி என்று அவர் என்னைக் கூப்பிட்டார், "இந்தப் புல் எங்கே வெட்டியது?"

காட்டினேன். அவர் ரோட்டைத் தாண்டிப் போய்க் கடைசி வரியில் ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். அங்கே யூரியா வாளிகளைக் கவிழ்த்ததை நான் சொன்னதும் அடி மண்ணைக் காலால் கிளறினார். திரும்பி வந்து நிதானமாகச் சொன்னார். உரம் அளவுக்கு மீறிப் போட்டு, வெயிலில் காய்ந்து, பிறகு திடீரென்று மழையில் எழும்புகிற புல் அந்த உரத்தை அப்படியே தண்டுக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். வெயில் இல்லாத நாட்களில் அதைச் செரிக்காது. பட்டினியாக இருந்த மாடு அதை ஒரே மூச்சில் தின்றால் இரத்தம் கெட்டுவிடும், காற்று எடுக்காது. இந்தப் புல்லையே பத்து நாள் விட்டு, கொஞ்சங் கொஞ்சமாக வேறு தீனியோடு கலந்து போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

நான் எல்லாவற்றையும் தமிழில் அக்காவுக்குச் சொன்னேன். ஒரு சொல்லையும் விடவில்லை. என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. யாரோ ஒருத்தருடைய கடிதத்தை வாசித்துக் காட்டுவது போல.

டொக்டர் போன பிறகு, "நாந்தான் அங்க வெட்டச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள் அக்கா.

அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஆண்கள் புல்லுமலைக்குக் கீழே குழி வெட்டினார்கள். நான் நின்று பார்த்தேன். மண் மூன்று நிறத்தில் வந்தது. அடுத்த வருஷம் இந்த இடத்துப் புல் எப்படி இருக்கும், கிளிப்பு என்ன எண் காட்டும் என்று யோசித்தேன். அப்படி யோசித்ததற்காக வெட்கமும் வரவில்லை. அன்று பின்னேரம் அக்கா பால் வாளியைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, எப்போதும் போலக் கவிழ்த்து வைத்தாள். மாடு பால் வற்றி இரண்டு மாதமாகியிருந்தது. வாளியில் தேய்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குத் தெளிவாக இல்லை. காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போனேன், புல் நிறுத்தேன், எழுதினேன், வந்தேன். சாப்பிட்டதெல்லாம் சோறு என்று மட்டும் ஞாபகம். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லவாவது வாய் திறந்திருப்பேன். புல் வெட்டும் அக்காமார் என்னைப் பார்த்து டொக்டரம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், அதுதான் ஒரே வித்தியாசம். வாளியைக் கவிழ்த்தால் அந்த இடம் விஷமாகும் என்று எனக்குச் சொல்லித் தந்த புத்தகம் இல்லை. ஆனால் வாளியைக் கவிழ்த்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். எழுதிவைத்தவள் நான். அந்த இடத்தில் எண் கூடியதும் தெரியும். மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல், பெரிய எண்ணைப் பார்த்ததும் நல்லது என்று முடிவு கட்டிவிட்டேன். பரீட்சையில் கூடின புள்ளிதானே நல்லது. அந்தப் பழக்கம்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அக்கா சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து போட்டோ உறையை எடுத்தாள். ஏஜன்சிக்காரர் திங்கட்கிழமை இரத்தினபுரிக்கு வரச் சொல்லியிருக்கிறாராம், கடவுச்சீட்டு வேலைக்கு. உறையைப் பிரித்து, தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாப்பாவ நீ பாத்துக்குவியா?"

"பாத்துக்குவேன்."

"கிளிப்பு எங்க?"

கூரைச் சலாகையில் தொங்கவிட்டிருந்ததைக் காட்டினேன். தூக்கிப் போட்டிருப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"இந்த லயத்துல இன்னும் ஏழு மாடு நிக்கிது" என்றாள். "அடுத்த தடவ உரம் போட்டாலும் இவளுங்க அதே மாதிரிதான் கவுத்துட்டு வருவாளுங்க. அரப்பேருக்கு யாரு போவா? ஒங் கிளிப்பு இன்னொரு மாட்டக் கொல்லாம காட்டுமான்னு பாரு. அதுக்குக்கூட ஒதவலன்னா, துணி காயப்போடு."

அவள் சொன்ன பிறகுதான் சின்னதுரையிடம் போனேன். மிச்ச யூரியாவைத் திரும்பக் கொண்டுவருகிறவர்களுக்கு அரைப்பேர் போடக் கூடாது என்று சொன்னேன். யோசிப்போம் என்றார். அவர் யோசிக்கிற வரைக்கும் புல் நிற்காது. அதனால் டொக்டருக்குப் போன் செய்தேன். பச்சை நிறத்தை வைத்து விஷத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். பச்சை வேறு, தண்டுக்குள் இருப்பது வேறு, நங்கி என்றார். இரண்டும் சேர்ந்து கூடலாம், சேராமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்று அவர் சொன்னது எனக்கு ஏனோ பிடித்தது. கஹவத்தையில் அவருடைய ஒபிசில் ஒரு மருந்து இருக்கிறதாம். தண்டை நீளமாகப் பிளந்து ஒரு சொட்டு விட்டால், கெட்டது இருந்தால் நீலமாகும். எவ்வளவு கடும் நீலமோ அவ்வளவு கெட்டது. தண்டுகளைக் கொண்டு வா, பார்க்கலாம் என்றார்.

பத்துத் தண்டு. சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் வரை, கிளிப்பு வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய அட்டையை நூலால் கட்ட வேண்டும். கிளிப்பு லயத்திலேயே இருக்கும். புல்லை பொலிஸ் தேடாது. நீலம் எண்ணோடு சேர்ந்து கூடினால், எந்த எண்ணுக்கு மேல் வெட்டக் கூடாது என்று ஒரு கோடு கிழிக்கலாம். அந்தக் கோட்டுக்கு மேல் வருகிற இடத்தில் சிவப்புத் துணி கட்டலாம். சேர்ந்து கூடாவிட்டால், கிளிப்பு இதற்கு உதவாது என்றாவது தெரிந்துவிடும். அதையும் எழுதிவைப்பேன்.

திங்கட்கிழமை காலை ஆறரை பஸ். அக்காவும் நானும் ஒன்றாகத்தான் போகிறோம். நான் கஹவத்தையில் இறங்குவேன், அவள் இரத்தினபுரிக்கு மாறி ஏறுவாள். அதுவரைக்கும் புல்லுக்கட்டை மடியில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். போட்டோ உறை நனையாமல் இருக்க அதைத் தனிப் பையில் போட்டுவிட்டோம். தண்டு காய்ந்தால் சரியாகத் தெரியாதாம். அதனால் விடிந்த பிறகுதான், ஐந்தே முக்காலுக்கு, வெட்ட வேண்டும். முதல் தண்டு கடைசி வரியிலிருந்து.